வில்லங்கம் ஏதுமில்லை

1

என் பீரோவில் ஒரு நீல ஃபைல் இருக்கிறது. தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அப்ரூவல், வங்கி வக்கீலின் லீகல் ஒப்பீனியன். 2016-ல் பள்ளிக்கரணைப் பக்கம் இந்த ஃபிளாட்டை வாங்கியபோது சேர்த்தவை. வக்கீல் ஃபைலை மூடிவிட்டு, "கிளீன் டாக்குமெண்ட் தம்பி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. "இந்த லைன்ல தண்ணி ஏறவே இல்ல சார், அதெல்லாம் முடிச்சூர், வேளச்சேரி" என்றார் புரோக்கர். நான் அந்த வெள்ளத்தைச் சொல்லிச் சொல்லிப் பேரம் பேசினேன். ஆனால் இங்கே வாங்கலாமா என்ற கேள்விக்கு அதே வெள்ளத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 4 அன்று இரவு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி எங்கள் வாட்ச்மேன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், பின்பக்கச் செவுத்துல அடைச்ச ஓட்டையத் தொறந்து விட்டுடட்டுமா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம் புரியாமல் அந்தக் கேள்வி புரியாது. எனக்கும் அன்று புரியவில்லை.

2

எங்கள் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் தெரியும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தது அந்தப் பல்லாவரத்தில்தான். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிழக்கே, கடலை ஒட்டி, நீளமாக ஒரு மணல் மேடு. ஈசிஆர் அதன் மேல்தான் போகிறது. மேற்கே பாறை, கிழக்கே மணல், நடுவில் பள்ளம். நாங்கள் இருப்பது அந்தப் பள்ளத்தின் சரிவில்.

சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் பெய்து முடிந்துவிடும். குன்றிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு மணல் மேடு குறுக்கே நிற்கிறது. அதனால் அது பள்ளத்தில் தேங்கும், பரவும், மெல்ல நகரும். அப்படித் தேங்கிய இடம்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். ஊர்க்காரர்கள் அதைக் கழிவெளி என்பார்கள். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே கோவளம் முகத்துவாரம், கடல். இத்தனை பெரிய பரப்புக்கு வாசல் அவ்வளவு சிறியது.

சதுப்புக்கு வருவதற்கு முன் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்க மனிதர்கள் ஏரிகளை வெட்டினார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன் கலங்கலில் வழிவது அடுத்ததற்கு வரத்தாக, கடைசியில் பள்ளிக்கரணை. ஏரிக்குப் பெரிய கரை, பாசனத்துக்கு மதகு, மிச்சத்துக்குக் கலங்கல். ஏரியில் கொள்ளாததைச் சின்னச் சின்னத் தாங்கல்கள் வாங்கிக்கொள்ளும். பழவந்தாங்கல் என்ற பேரில் இன்னும் ஒரு தாங்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே ஒரு பெயர் உண்டு.

என் வேலையில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். திடீரென்று குவியும் டிராஃபிக்கை ஒரே சர்வரின் தலையில் இறக்கமாட்டோம். நடுவில் வரிசையாக க்யூ வைத்து, பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். இந்த ஏரிச் சங்கிலி அப்படிப்பட்ட அமைப்பு. ஒரே வித்தியாசம், இதில் நடுவில் ஒன்றைத் தூக்கிவிட்டால் எங்கேயும் எர்ரர் மெசேஜ் வராது. பத்து வருடம் நன்றாகவே ஓடும். பதினோராவது வருடம் மழை வரும்.

நாங்கள் பலதைத் தூக்கினோம். பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவிலேயே ரேடியல் ரோடு போட்டார்கள். சதுப்பின் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் அரசின் ஆய்வு நிறுவனங்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பின்னாலேயே ஓஎம்ஆர் ஆறு வழிச்சாலை ஆனது. அதன் பின்னாலேயே நானும் என்னைப் போல லட்சம் பேரும் வந்தோம். ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் என்று சொல்லப்படும் சதுப்பில், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,248 ஹெக்டேர்.

மழைக்காலத்தில் தண்ணீரை எப்படியாவது வெளியே தள்ளுவோம். கோடையில் அதே தண்ணீரை லாரியில் வரவழைப்போம். 2019-ல் நகரத்தின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, எங்கள் சம்ப்புக்கு தினம் இரண்டு லாரி வந்தது. இன்னும் தெற்கே ஏதோ ஒரு கிராமத்துக் கிணறு. எந்தக் கிராமம் என்று நான் கேட்டதில்லை. லாரி வந்ததா என்று மட்டும் கேட்பேன்.

3

எங்கள் வாட்ச்மேனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பின் தெருவில், நத்தத்தில் வீடு. எங்கள் கட்டடம் இருக்கும் இடத்தில் அவர் சின்ன வயதில் நடவு பார்த்திருக்கிறார்.

"அப்போ இது உங்க நிலமா ஐயா?" என்று ஒருமுறை கேட்டேன். வாயில் வந்துவிட்டது.

சிரித்தார். "நமக்கு ஏது சார் நிலம். எங்கப்பா மதகு திறக்கிறவரு. தண்ணி எப்ப, எவ்ளோன்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா தொறன்னு அவங்க சொன்னாத்தான் தொறக்கணும்."

ஏரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபின் இந்த வாக்கியம் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நம்மைப் போன்றவர்கள் ஏரியைப் பற்றிப் பேசும்போது ஒரு பொற்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம். முன்னோர்கள் நீர் மேலாண்மையில் மேதைகள், நாம்தான் கெடுத்தோம் என்று. முதல் பாதி உண்மைதான். இங்கிருந்து தென்மேற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்தோமே, அது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழு. கணக்குக் காட்டாதவரைத் திரும்பத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதிகூட உண்டு.

அதே கல்வெட்டில் இன்னொன்றும் உண்டு. வாரியத்துக்குப் போக கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அது பிராமணர்களின் சபை. மற்ற சாதியாருக்கு அதில் இடம் கிடையாது. ஏரியைப் பற்றி முடிவெடுக்கப் பத்திரம் வேண்டும் என்பது ஆயிரத்து நூறு வருடப் பழக்கம்.

பிரிட்டிஷ்காரர்கள் வந்து அளந்தார்கள், எழுதினார்கள், பட்டா கொடுத்தார்கள். பட்டா யாருக்குப் போனதோ அவர்களுக்கே போனது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழைப்பவனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதனாலேயே அவன் வாயைத் திறக்க முடியவில்லை என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலங்களும் பின்னாளில் கைமாறின. 1994-ல், மாமல்லபுரம் பக்கத்தில் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்துப்போனார்கள். ஓஎம்ஆரில் ஒரு சென்ட் என்ன விலை என்று பேசும் யாரும் இந்த வரலாற்றைப் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

ஆக, ஏரிக்கு வயல் இருந்தபோது வயல்காரர்கள் முடிவெடுத்தார்கள். வயல் மனையானபோது விற்ற பணம் அவர்களுக்குப் போனது. மதகு திறந்தவரின் மகன், அதே இடத்தில் கேட் திறக்கிறார்.

"அந்தக் காலம் நல்லாருந்துச்சுன்னு நான் சொல்லல சார்," என்றார் அவர். "ஏரி நெறஞ்சா அவங்களுக்கு நெல்லு. எங்களுக்கு நண்டு, மீனு. ஆனா ஒண்ணு, தண்ணி வீட்டுக்குள்ள வந்ததில்ல."

4

2021 நவம்பர் மழையில் எங்கள் பார்க்கிங்கில் ஓரடித் தண்ணீர் நின்றது. நான்கு கார்கள் போயின. அதில் ஒன்று என்னுடையது. அசோசியேஷன் கூட்டம் கூடியது. தண்ணீர் பின் தெருவிலிருந்து வருகிறது, பின்பக்கச் சுவரைப் பலமாகக் கட்டி உயர்த்தினால் போதும் என்று முடிவானது. அந்தச் சுவரின் அடியில் இரண்டு பெரிய பைப் வைத்து ஒரு திறப்பு இருந்தது. பில்டர் ஏன் அதை விட்டுவைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. எலி வருகிறது, பாம்பு வருகிறது என்றார்கள். செங்கல் வைத்து அடைத்துப் பூசினோம். 2022 மே மாதம். நான் அப்போது கமிட்டியில் இருந்தேன். தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

கிராம வரைபடத்தையும் எஃப்எம்பி ஸ்கெட்சையும் நான் முதன்முதலில் கவனித்துப் பார்த்தது 2024 ஜனவரியில். எங்கள் சர்வே எண்ணின் ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் இணையாகப் போகின்றன. வாய்க்கால். மேற்கே ஒரு தாங்கலில் தொடங்கி, பின் தெருவைக் கடந்து, எங்கள் காம்பவுண்டை உரசிக்கொண்டு, சதுப்பைப் பார்த்துப் போகிறது. அந்த இரண்டு பைப்பும் அதன் மிச்சம். வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும், கோர்ட் ஜப்திகூட வரும். தண்ணீருக்கு அந்த இடத்தின் மேல் இருக்கும் பாத்தியதை வராது. அது எந்த சார்பதிவாளரிடமும் போய்ப் பதிவு செய்யவில்லை.

2023 டிசம்பர் 3 இரவு தொடங்கி மறுநாள் முழுக்க மிக்ஜாம் புயல் மழை. கரண்ட் இல்லை. சாயங்காலத்துக்குள் செல்போன் சிக்னலும் போய்விட்டது. இரவு ஒன்பது மணி வாக்கில் வாட்ச்மேன் மாடி ஏறி வந்தார். எங்கள் பக்கம் முழங்கால் அளவு. சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்புக்கு மேல் என்றார். பின் தெருத் தண்ணீர் போக வழி இல்லாமல் எங்கள் சுவரில் முட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"கடப்பாரை இருக்கு சார். ரெண்டு செங்கல் எடுத்தாப் போதும். நம்ம பக்கம் இன்னும் அரையடி ஏறும். அப்புறம் முன்ரோட்டு வழியா வடிஞ்சிடும்."

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் அரையடி ஏறினால் லிஃப்ட் பிட் போகும், ஜெனரேட்டர் போகும், மூட்டை அடுக்கி வைத்திருந்த கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும். அங்கே ஒரு வயதான தம்பதி. அவர்களை மேலே கூட்டிவந்துவிடலாம், அதற்கு நேரம் இருந்தது. இதெல்லாம் ஒரு நிமிடத்தில் மனதில் ஓடியது.

நான் சொன்னது: "செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் ஐயா."

செக்ரட்டரி ஊரில் இல்லை. சிக்னல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கடப்பாரை அவர் ரூமில்தான் இருந்தது. அவரே உடைத்திருக்கலாம். உடைத்திருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்காது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பின் தெரு வீடுகளில் கூரை ஓடு வரை ஆட்கள் ஏறிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அவர் வீட்டில் அரிசி, பீரோ, தையல் மெஷின், பேத்தியின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். மூன்றாவது நாள் டியூட்டிக்கு வந்தார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "நீங்க என்னா சார் பண்ணுவீங்க. நீங்களா மழை பெய்ய வெச்சீங்க?" என்றார்.

5

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, தன் மறைவுக்குப் பின் 2011-ல் வெளியான நூலில் சாண்டி என்ற கற்பனைப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீடு தேடி அலையும் தாய். வீட்டுக்காரர், ஏஜெண்ட், வேலை கொடுத்தவர் என்று அவள் சந்திக்கும் யாருமே சட்டத்தை மீறவில்லை. ஆனால் கடைசியில் அவள் தெருவுக்கு வரும் நிலையில் நிற்கிறாள். இம்மாதிரி அநீதியில் குற்றவாளியைத் தேடுவது பயன் தராது என்கிறார் யங். அந்த அமைப்பில் பங்கெடுக்கும் எல்லோருக்கும் அதை மாற்றும் பொறுப்பு இருக்கிறது. பின்னால் திரும்பிப் பழி போடுவதைவிட, முன்னால் பார்த்துச் சேர்ந்து செயல்படுவதே அந்தப் பொறுப்பு.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. விற்ற விவசாயி தப்பு செய்யவில்லை, மகளுக்குக் கல்யாணம். அப்ரூவல் கொடுத்த அதிகாரிக்கு விதி இருந்தது. பில்டருக்கு எஃப்எஸ்ஐ இருந்தது. எனக்கு லோன் இருந்தது. கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை ஆக்கிரமிப்பு என்று காலி செய்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது இதே சதுப்பின் ஓரம், மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர். கரையில் குடிசை போட்டவருக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். வாய்க்கால் மேல் சுவர் கட்டிய எனக்கு வீட்டு உரிமையாளர் என்று பெயர். 2007-ல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச்சட்டமே வந்தது. அதைப் படித்தபோதும் அது வேறு யாருக்கோ எழுதியது என்றுதான் தோன்றியது. எல்லாம் அமைப்பு. நான் அதில் ஒரு திருகாணி.

இப்படியே ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். இந்தக் கட்டுரையின் முதல் வரைவு அப்படித்தான் முடிந்தது. அதைத் திரும்பப் படித்தபோதுதான், அந்த இரவை அதில் எழுதவேயில்லை என்று கவனித்தேன்.

யங் சொல்வது தவறில்லை. 5,000 ஹெக்டேர் சதுப்பு சுருங்கியதற்கு என்னைத் தனியாகக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அந்த இரண்டு செங்கல் சதுப்புநிலம் இல்லை, ஓஎம்ஆர் இல்லை, நவதாராளவாதம் இல்லை. ஒரு மனிதர் வந்து கேட்டார், ஒரு மனிதன் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டான். வரலாற்றைப் படிக்கப் படிக்க, பழியை வைக்க இன்னும் பெரிய இடங்கள் கிடைக்கின்றன. சோழர் கல்வெட்டில் கொஞ்சம், பிரிட்டிஷ் பட்டாவில் கொஞ்சம், அரசில் கொஞ்சம் என்று பிரித்து வைத்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்படி மிஞ்சாமல் போவதற்காகத்தான் படித்தேனோ என்று எனக்கே சந்தேகம்.

ஊரின் கதைக்கு நான் பொறுப்பாளிகளில் ஒருவன். அந்த இரவுக்கு நான் குற்றவாளி. இந்த இரண்டும் வேறு வேறு கடன். முதல் கடனைக் கட்டுகிறேன் என்று சொல்லி இரண்டாவதைத் தள்ளுபடி செய்ய முடியாது. அவர் "நீங்க என்னா சார் பண்ணுவீங்க" என்றது மன்னிப்பா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மன்னிக்காமல் இருப்பதற்கு, சம்பளம் வாங்கும் இடத்தில் அவருக்கு வசதி இருக்கிறதா என்ன?

6

2024 பிப்ரவரியில் கூட்டம். அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று பேசினேன். ஸ்கெட்சைக் காட்டினேன். அந்த இரவில் நடந்ததையும் சொன்னேன். "நல்லவேளை, தொறக்கலையே" என்றார் ஒருவர், உண்மையான நன்றியோடு. அன்று என் தீர்மானம் தோற்றது. கிரவுண்ட் ஃப்ளோர் தம்பதி மட்டும் என் பக்கம். தண்ணீர் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குள்தான் வரும். அந்த அம்மா, "நாங்க படியேறிப்போம்ப்பா. அவங்க எங்க ஏறுவாங்க?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு சமரசம் வந்தது. அடைப்பை உடைத்து, இரும்பு ஷட்டர் வைப்பது. தேவைப்பட்டால் தூக்கலாம், இல்லையென்றால் மூடியிருக்கும். லிஃப்ட் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் மேலே ஏற்றுவது. செலவில் என் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஷட்டர் வந்த அன்று பார்த்த வாட்ச்மேன், "மதகு சார் இது" என்றார்.

பிறகு சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு. நான் பின் தெருவில் ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்றேன். அவர்கள் மெம்பர் இல்லையே என்றார்கள். பைலாவில் ஓனருக்குத்தான் ஓட்டு, வாடகைக்கு இருப்பவருக்குக்கூடக் கிடையாது. உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் கைதட்டிவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போயிருப்பார்கள். கடைசியில் சாவி செக்யூரிட்டி ரூமில் ஆணியில் தொங்கட்டும், கமிட்டி அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது என்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

அந்த அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, நினைவிருக்கும். எங்கள் பில்டிங் கார்களும் அதில் இருந்தன. சாயங்காலம் நான் கீழே இறங்கிப் போனேன். செக்யூரிட்டி ரூமில் ஆணியில் சாவி இல்லை. ஒரு கணம் திக்கென்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அவர் குனிந்து ஷட்டர் தண்டில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், ராத்திரி தண்ணி வந்தா யார்கிட்ட கேக்கணும்?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம் ஐயா. திறந்துடுங்க. நான் சொன்னேன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னேன்னா?"

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு மேலே வந்தபின்தான் முழுசாக விளங்கியது. அவர் அப்பாவும் யாரோ சொன்னால்தான் மதகைத் திறந்தார். அன்றைக்குப் பெரிதாக மழை பெய்யவில்லை. ஷட்டரைத் தூக்க வேண்டி வரவில்லை. சாவி இன்னும் எங்கள் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது.